வழிநூலும் வழிப்படமும்

நூல்களை முதனூல் என்றும் வழிநூல் என்றும் இரண்டாகப் பகுத்தவர் தொல்காப்பியர். மரபியலில் அவர் வழிநூலை மேலும் நான்கு வகையாக்குகிறார். விரிந்ததைத் தொகுப்பது ஒன்று. தொகுத்ததை விரிப்பது ஒன்று. தொகையும் விரியுமாகச் செய்வது ஒன்று. பிறமொழியில் உள்ளதைப் பெயர்த்துத் தமிழ் நெறிக்குப் பொருந்த யாப்பது மற்றொன்று. பின்வந்த நன்னூலார் இக்கருத்தை இன்னும் தெளிவாக்கினார். வழிநூல் செய்பவன் முன்னோன் கண்ட முடிபை ஏற்க வேண்டும். ஆயினும் தான் வேண்டும் வேறுபாட்டைச் சேர்த்துக்கொள்ள அவனுக்கு உரிமை உண்டு. அந்த வேறுபாடு மரபை அழிப்பதாக மட்டும் இருத்தல் கூடாது. தமிழாசிரியர்கள் இதை வகுப்பறையில் ஆண்டுதோறும் நடத்துகின்றனர். மாலையில் வீடு திரும்பித் திரைப்படம் பார்க்கும்போது, பழைய படத்தை மறுபடி எடுப்பதும் அயல்மொழிப் படத்தைத் தமிழில் எடுப்பதும் இதே இலக்கணத்துக்குள் அடங்கும் என்ற நினைவு பலருக்கு எழுவதில்லை.

வழிநூலுக்குச் சான்று கேட்டால் கம்பரைச் சொல்வது வழக்கம். வான்மீகியின் இராவணன் சீதையைக் கையாற் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பரின் இராவணனோ அவளைத் தீண்டாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துச் செல்கிறான். கதையின் முடிபு ஒன்றே. ஆனால் பிறன் கை பட்ட பெண்ணாகச் சீதையைக் காணத் தமிழ்க் கேள்வியாளர் மனம் ஒப்பாது என்பதைக் கம்பர் அறிந்திருந்தார். பெயர்த்து எழுதுவோன் எந்த இடத்தில் கை வைக்கிறான் என்று பார்த்தால், அவன் யாருக்காக எழுதுகிறான் என்பது புலப்பட்டுவிடும். இந்த உரைகல்லைக் கொண்டு, தமிழர் குடும்பம் குடும்பமாகச் சென்று பார்த்த ஒரு படத்தின் வரலாற்றை ஆராயலாம்.

அப்படம் ஏவி.எம். நிறுவனம் 1965இல் வெளியிட்ட ‘குழந்தையும் தெய்வமும்’. இயக்கியவர்கள் கிருஷ்ணன்–பஞ்சு இரட்டையர், திரைக்கதை தீட்டியவர் ஜாவர் சீதாராமன், இசை எம். எஸ். விஸ்வநாதன். ஜெய்சங்கரும் ஜமுனாவும் பெற்றோராகவும், ஜி. வரலட்சுமி மாமியாராகவும் நடித்தனர். நாகேஷும் உண்டு. இரட்டைக் குழந்தைகளாக இரு வேடத்தில் தோன்றிய சிறுமி குட்டி பத்மினி. பிரிந்து வாழும் தாய் தந்தையரிடம் ஒவ்வொருவராக வளரும் இரட்டைச் சகோதரியர் ஒருவரையொருவர் தற்செயலாகக் காண்கின்றனர். உண்மை உணர்ந்து இடம் மாறிக்கொள்கின்றனர். பெற்றோரைச் சேர்த்து வைக்கின்றனர். 1965ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்ற தேசிய விருதும் இதற்குக் கிடைத்தது.

இக்கதை தமிழ்நாட்டில் பிறந்ததன்று. இதன் முதனூலைத் தேடினால் செர்மானிய நாட்டுக்குச் செல்ல வேண்டும்.

1899இல் திரெஸ்டன் நகரில் பிறந்த எரிக் கேஸ்ட்னர் சிறுவர் இலக்கியத்தில் புகழ் பெற்றவர். சிறுவர்கள் கூடித் திருடனைப் பிடிக்கும் ‘எமிலும் துப்பறிவாளரும்’ என்ற அவருடைய கதை 1929இல் வெளிவந்து பல மொழிகளுக்குச் சென்றது. 1933 மே மாதத்தில் நாசிகள் பெர்லினில் நூல்களைக் குவித்து எரித்தபோது அவருடைய நூல்களும் எரிந்தன. கூட்டத்தில் ஒருவராக நின்று அதை அவரே பார்த்தார். நாட்டைவிட்டு ஓடாமல் அங்கேயே தங்கினார். எழுதத் தடை விதிக்கப்பட்டது. இரட்டைச் சிறுமியர் கதையைப் போர் நடந்துகொண்டிருந்த 1942ஆம் ஆண்டளவில் அவர் முதலில் ஒரு திரைப்படத்துக்கான குறிப்பாகத்தான் எழுதினார். அது படமாகவில்லை. போர் முடிந்தபின் 1949இல் அது ‘இரட்டை லோட்டி’ என்று பொருள்படும் பெயரில் நூலாக வெளிவந்தது. ஆகவே இந்தக் கதைக்கு நூலே வழிநூல். எடுக்கப்படாத படமே முதனூல் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

கேஸ்ட்னரின் கதையில் லூயிசு வியன்னாவில் இசையரங்கின் வாத்தியக்குழுத் தலைவரான தந்தையிடம் வளர்கிறாள். லோட்டி மியூனிக் நகரில் படப் பத்திரிகை ஒன்றில் வேலை பார்க்கும் தாயிடம் வளர்கிறாள். சிறுமியர்க்கான கோடை விடுமுறை இல்லம் ஒன்றில் இருவரும் சந்திக்கின்றனர். பெற்றோர் பிரிந்ததற்குக் காரணமாகக் கொடியவர் எவரையும் ஆசிரியர் கொண்டுவரவில்லை. இசை அமைக்கத் தனிமை வேண்டும் என்ற தந்தைக்கு வீட்டில் அழும் இரு குழந்தைகள் பொறுக்கவில்லை. இளம் மனைவிக்கு அவருடைய போக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான்.

மணவிலக்கைப் பற்றிக் குழந்தைகளுக்குக் கதை சொல்லலாமா என்று கேட்கும் பெரியவர்களுக்கு நூலின் இடையிலேயே அவர் விடை கூறுகிறார். உலகமெங்கும் புகழ்பெற்ற சிறுமி ஷர்லி டெம்பிள், தான் நடித்த படத்தைப் பார்க்கத் திரையரங்குக்குச் சென்றபோது வயது போதாது என்று தடுக்கப்பட்டதாக ஒரு செய்தியைச் சொல்கிறார். பிறகு, பெற்றோரின் பிரிவால் துன்புறும் குழந்தைகள் பலர் இருக்கின்றனர். பெற்றோர் பிரியாமல் இருப்பதாலேயே துன்புறுவோரும் பலர் இருக்கின்றனர் என்று எழுதுகிறார். படுபவர்கள் குழந்தைகள் என்றால் அவர்களிடம் அதைப் பேசுவது எப்படித் தவறாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். இந்த இடத்தைத் தமிழ்ப் படம் எப்படிக் கையாண்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

நூல் வந்த மறு ஆண்டே, 1950இல், செர்மானியப் படம் வந்தது. திரைக்கதை எழுதியதோடு கதைசொல்லியாகவும் கேஸ்ட்னரே அதில் குரல் கொடுத்தார். இரட்டையர் வேடத்துக்கு உண்மையான இரட்டைச் சகோதரியரே கிடைத்தனர். 1951இல் சப்பானியரும், 1953இல் ஆங்கிலேயரும் இதைப் படமாக்கினர். 1961இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் டேவிட் சுவிப்ட் இயக்கத்தில் ‘பேரன்ட் டிராப்’ என்று எடுத்த படம்தான் உலகமெங்கும் பரவியது. அதில் இரட்டையர் இருவராகவும் தோன்றியவர் ஹேலி மில்ஸ் என்ற ஒரே நடிகை. ஒருத்தி போஸ்டனில் செல்வ வீட்டில் தாயிடம். மற்றவள் கலிபோர்னியாவில் பண்ணை வீட்டில் தந்தையிடம். அமெரிக்கர்க்கு உரிய மாற்றமாகத் தந்தையின் பணத்தை விரும்பி அவரை மணக்க வரும் இளம்பெண் பெரிதாக்கப்பட்டாள். அவளைக் காட்டுக்கு அழைத்துச் சென்று சிறுமியர் படுத்தும் பாட்டில் கொட்டகை சிரித்தது. பள்ளி விடுமுறைக் காலத்தில் பிள்ளைகளை அழைத்துச் சென்று பார்க்கும் படங்களுக்கு இது ஓர் இலக்கணமாகவே ஆகிவிட்டது.

இனி, தமிழுக்கு வந்த வழி. ஏவி. மெய்யப்பனார் ஒரு கதையைப் பல மொழிக்குக் கொண்டு செல்வதில் கைதேர்ந்தவர். கன்னட ‘அரிச்சந்திரா’வைக் குரல் மாற்றித் தமிழ்ப்படமாக 1944இல் அளித்தவர் அவர். 1949இல் தமிழில் எடுத்த ‘வாழ்க்கை’யை அடுத்தடுத்துத் தெலுங்கிலும் இந்தியிலும் எடுத்தார். ஆகவே வேற்றூர்க் கதையை நம்மூர்க் கதையாக்குவதிலும், நம்மூர்க் கதையை வேற்றூர்க்கு அனுப்புவதிலும் கோடம்பாக்கத்து அந்த நிலையத்துக்கு நெடுநாட் பயிற்சி இருந்தது.

ஜாவர் சீதாராமனும் புதியவர் அல்லர். 1954இல் வந்த ‘அந்த நாள்’ படத்தின் எழுத்து அவருடையது. 1960இல் வந்த ‘களத்தூர் கண்ணம்மா’வின் கதையும் அவருடையதே. கமல்ஹாசன் சிறுவனாக அறிமுகமான அந்தப் படத்திலும் பிரிந்த கணவன் மனைவியை ஒரு குழந்தை சேர்த்து வைக்கிறது. செல்வக் குடும்பத்தின் இறுமாப்பு இரண்டு உள்ளங்களைப் பிரிப்பதும், அனாதைபோல் வளரும் குழந்தை அவற்றைப் பிணைப்பதும் அவர் முன்பே கையாண்ட பொருள்தான். ஆகவே டிஸ்னியின் படம் அவர் கைக்கு வந்தபோது, அவர் தம் பழைய கதையையே வேறொரு நாட்டு உடையில் கண்டிருப்பார் போலும்.

அவர் எந்த இடத்தில் கை வைத்தார்? முதலாவது, விடுமுறை முகாமில். செர்மானியக் கதையிலும் அமெரிக்கப் படத்திலும் சகோதரியர் சந்திப்பது பெற்றோர் இல்லாமல் சிறுமியர் மட்டும் கூடித் தங்கும் கோடை விடுமுறை இல்லத்தில். 1965இன் தமிழ்நாட்டில் அப்படி ஒன்று பார்வையாளர் அறியாதது. தமிழ்க் குழந்தைக்கு விடுமுறை என்றால் பாட்டி வீடு. சித்திரை வெயிலில் பெட்டியைக் கட்டிக்கொண்டு தாயைப் பெற்றவள் வீட்டுக்குச் செல்வதும், மாமன் பிள்ளைகளோடு கிணற்றில் குளிப்பதும், முறுக்கும் அதிரசமும் தின்பதும்தான் நமக்கு விடுமுறை. ஆகவே தமிழ்ப் படத்தில் சகோதரியர் சந்திப்பது பள்ளியில்.

இதை ஓர் இடமாற்றம் என்று மட்டும் கருதிவிடலாகாது. விடுமுறை இல்லம் போனதும் அதன் இடத்தில் இருக்க வேண்டிய பாட்டி வீடு என்னவாயிற்று என்று கேட்க வேண்டும். அது படத்தில் இருக்கிறது. ஆனால் இடம் மாறி இருக்கிறது. குடும்பத்தை உடைக்கும் இடமே அந்த வீடுதான். பெண்ணைக் கொடுத்த செல்வ வீட்டு மாமியார், கணவரையும் அடக்கி, வந்த மருமகனையும் வீட்டோடு மாப்பிள்ளையாக வைத்து அடக்கப் பார்க்கிறாள். தன்மானம் உடைய மருமகன் வெளியேறுகிறான். இரண்டு குழந்தைகளில் ஒன்று அங்கே, ஒன்று இங்கே. கேஸ்ட்னரின் கலைஞனுக்குத் தனிமை வேண்டியிருந்தது. அமெரிக்கத் தம்பதியர்க்குச் சினம் மூக்கின் நுனியில் இருந்தது. தமிழ்க் கணவனும் மனைவியும் தாமாகப் பிரிவார்கள் என்பதை நம் பார்வையாளர் ஏற்கமாட்டார் என்று திரைக்கதை ஆசிரியர் கருதினார். பிரிக்க ஒரு மூன்றாவது ஆள் வேண்டும். அந்த ஆளைத் தேடி வேற்று வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. கொட்டகையில் அமர்ந்திருந்த மருமகன்களும் மருமகள்களும் வரலட்சுமியின் குரலை உடனே அடையாளம் கண்டுகொண்டனர்.

இந்த மாற்றமே படத்தின் வெற்றிக்குத் தலையான காரணம். கம்பர் பர்ணசாலையை நிலத்தோடு எடுத்ததுபோல, சீதாராமனும் கதையை அதன் மண்ணோடு பெயர்க்காமல், நம் மண்ணை அதன் அடியில் இட்டு நிரப்பினார். எம். எஸ். ராஜேஸ்வரி குழந்தைக் குரலில் பாடிய பாட்டு ஒன்று இதற்கு நல்ல சான்று. தாய் ஓரிடமும் தந்தை ஓரிடமுமாக இருக்கும் துயரத்தை, கோழியும் சேவலும் தனித்தனிக் கூட்டில் அடைபட்ட நிலையாக அது காட்டுகிறது. முற்றத்தில் கோழி வளர்த்த எந்த வீட்டுக் குழந்தைக்கும் அந்த உவமை உரை தேவையின்றி விளங்கும்.

ஆயினும் குறை கூறாமல் விட இயலாது. மாமியார் மேல் பழி முழுவதையும் ஏற்றியதால் மற்ற இருவரும் எளிதில் தப்பிவிட்டனர். அன்னையின் சொல்லுக்கு அடங்கிக் கணவனைப் பிரிந்த மகள் தன் முடிவுக்குத் தான் பொறுப்பு என்று எங்கே உணர்கிறாள்? தன்மானத்தின் பெயரால் ஒரு குழந்தையைத் தாயின்றி வளர்த்த தந்தையை யார் கேட்டது? பெரியோர் இருவரும் விரும்பிச் செய்த தவற்றின் விலையைச் சிறியோர் தருகின்றனர் என்று கேஸ்ட்னர் முகத்துக்கு நேரே சொன்ன உண்மை, தமிழுக்கு வரும்போது மங்கிவிட்டது. இத்தனைக்கும் இந்தியாவில் இந்து திருமணச் சட்டம் 1955லேயே மணவிலக்குக்கு இடம் அளித்துவிட்டது. பத்து ஆண்டு கழித்து வந்த படத்தில் பெரிதாக நிற்பது நீதிமன்றத்தின் வாயில் அன்று. மாமியார் வீட்டு வாயிற்படியே.

இரட்டை வேடத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். 1940இல் ‘உத்தமபுத்திரன்’ படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டையராகத் தோன்றியது முதல் தமிழர் கண்ணுக்கு அது பழகிய வித்தை. 1958இல் அதே பெயரில் சிவாஜி கணேசனும் செய்து காட்டினார். ஒளிப்பதிவுப் பெட்டியின் பாதிக் கண்ணை மறைத்து ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்வர். படச்சுருளைப் பின்னுக்குச் சுற்றி, மறைத்த பக்கத்தைத் திறந்து மறுபடி பிடிப்பர். நடிப்பவர் இல்லாத ஆளின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். பேச்சின் இடைவெளியும் பார்வையின் உயரமும் பிசகக் கூடாது. வளர்ந்த நடிகர்க்கே கடினமான இந்த வேலையை ஒரு சிறுமி செய்தாள். தந்தையிடம் வளர்ந்தவள் ஒருவிதமாகவும் தாயிடம் வளர்ந்தவள் ஒருவிதமாகவும் நிற்கவும் நடக்கவும் வேண்டும். பிறகு ஒருத்தி மற்றொருத்தியாக நடிப்பதையும் நடிக்க வேண்டும். படத்தின் முதல் வியப்பு அந்தச் சிறுமிதான்.

தமிழில் வென்றதும் அதே இயக்குநர்கள் 1966இல் தெலுங்கில் ‘லேத மனசுலு’ என்றும், 1968இல் இந்தியில் ‘தோ கலியான்’ என்றும் எடுத்தனர். தெலுங்கிலும் ஜமுனாவே தாய். குட்டி பத்மினியே குழந்தைகள். இந்தியில் மாலா சின்காவும் பிசுவசித்தும் பெற்றோர். பேபி சோனியா என்ற பெயரில் நடித்த நீத்து சிங் இரட்டையர். அங்கே குழந்தைகளின் பெயர் கங்கா, ஜமுனா. செல்வ மாமியார் அங்கும் உடன் சென்றாள் என்பதே கவனிக்கத்தக்கது. அமெரிக்கப் படத்திலிருந்து இந்திக்கு நேரே போயிருக்கலாம். போகவில்லை. சென்னையில் சேர்த்த மண்ணோடுதான் கதை வடக்கே சென்றது. வழிநூலுக்கு வழிநூல் தோன்றும்போது அதுவே முதனூலின் நிலையை எய்திவிடுகிறது என்பதற்கு இது சான்று.

பிற்காலத்து மறுபதிப்புகளை விரைந்து பார்த்தால் போதும். 1998இல் நான்சி மேயர்ஸ் இயக்கிய அமெரிக்கப் படத்தில் லிண்ட்சே லோகன் இரட்டையர். தாய் இலண்டனில் மணப்பெண் ஆடை வடிவமைப்பவர். தந்தை கலிபோர்னியாவில் திராட்சைத் தோட்டக்காரர். இருவருக்கும் இடையே ஒரு பெருங்கடலும் இரண்டு தொழில்களும். அந்தக் காலத்துப் பிரிவுக்கு அது பொருத்தமான காரணம், படமும் வென்றது. 2001இல் இந்தியில் கஜோல் இரு வேடத்தில் நடித்த ‘குச் கட்டி குச் மீட்டி’யில் இரட்டையர் வளர்ந்த பெண்களாகிவிட்டனர். குழந்தை என்ற அச்சாணியைக் கழற்றிவிட்டபின் தேர் ஓடவில்லை.

இந்த வரலாற்றில் திரையில் வராத ஒரு பகுதி உண்டு. ‘குழந்தையும் தெய்வமும்’ வெளிவருவதற்கு முந்திய ஆண்டு, 1964 அக்டோபர் 30ஆம் நாள், சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாடு கையொப்பமாயிற்று. இலங்கை மலையகத்தில் தேயிலைக் கொழுந்து பறித்த தமிழருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிக்கையால் பங்கிடப்பட்டனர். ஒரே லயத்தில் பிறந்த அண்ணன் இந்தியக் கடவுச்சீட்டோடும் தம்பி இலங்கைக் குடியுரிமையோடும் நிற்கும் நிலை தோன்றியது. மலேசியாவில் 1968இன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை அடுத்து, 1969 முதல் குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய உரிமச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. தோட்டங்களில் அரைநூற்றாண்டு உழைத்தவர் பலர் ‘சிவப்பு அடையாள அட்டை’யோடு நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பல் ஏறினர். அங்கே போனவர் ஒரு பாதி, இங்கே நின்றவர் ஒரு பாதி.

அக்காலத்துத் தோட்டத் திடல்களில் இரு கம்பங்களுக்கு இடையே வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவர். துணியின் முன்னே ஒரு கூட்டம், இடம் இல்லாதவர் பின்னே ஒரு கூட்டம். பின்னே இருந்தவர்க்கு எல்லாம் இடம் வலமாகத் தெரியும். கதை தெரிவதில் குறையில்லை. அங்கே அமர்ந்து, பிரிந்த குடும்பம் சேரும் படங்களைப் பார்த்து அழுதவர்களின் குடும்பங்களைப் பிரித்தது மாமியார் அன்று. இடம் மாறி நடித்து அரசாங்கத்தின் முத்திரையை மாற்ற எந்தக் குழந்தையாலும் ஆகாது. மாமியாரைத் திட்டுவது எளிது. படம் அந்த எளிமையைத் தந்தது. அழுகைக்கு ஒரு சாக்கும் தந்தது. அதற்காக அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

இன்றைய பார்வையாளர்க்கு இப்படத்தை மறுபடி எடுக்க முற்படுவோர் கைப்பேசியையும் வண்ண உடையையும் சேர்த்தால் போதும் என்று எண்ணினால் பிழைபடுவர். கேஸ்ட்னர் முதல் மேயர்ஸ் வரை வென்றவர் அனைவரும் விடை கூறிய வினா ஒன்றே: இந்த ஊரில், இந்த ஆண்டில், ஒரு வீடு எதனால் இரண்டாகிறது? மலேசியாவில் 1976இன் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்தபின், இந்துத் திருமணமும் பதிவும் மணவிலக்கும் ஒரே சட்டத்தின்கீழ் வந்துவிட்டன. மணவிலக்கு என்ற சொல் இன்று தோட்டத்துக்கும் புதிதன்று. அதைச் சொல்லக் கூசி மாமியாரை அழைக்க வேண்டிய தேவை புதிய திரைக்கதை ஆசிரியர்க்கு இல்லை.

மாமியாரும் மாறிவிட்டாள். பள்ளி விடுமுறை நாட்களில் கேமரன் மலைக்கு வரும் வெளியூர்க் குடும்பங்கள் கியா பார்ம் சந்தையில் காய்கறியும் ஸ்ட்ராபெரியும் வாங்கிக்கொண்டு, தேயிலைச் சரிவில் நின்று படம் பிடித்துத் திரும்புகின்றன. அதே சரிவுகளில் பிறந்த இளையோரோ வேலை தேடிக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இறங்கிச் செல்கின்றனர். தந்தை ஓரூரில், தாய் ஓரூரில் வேலை செய்ய, பிள்ளைகள் மலையிலேயே தங்கிவிடும் வீடுகள் உண்டு. அங்கே அடுப்பு மூட்டுவதும், காலைக் குளிரில் பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை மாட்டுவதும், இருபுறத்துத் தொலைபேசிக்கும் விடை சொல்வதும் பாட்டியின் வேலை. வரலட்சுமி ஏற்ற வேடத்தை இனி எழுதுவோர் இவளைப் பார்த்து எழுத வேண்டியிருக்கும். மாணவர் தேர்ச்சி அறிக்கையில் பெற்றோர் கையொப்பத்துக்கு உரிய கட்டத்தில், மை சற்றே பரவிய பெருவிரல் பதிவாக, அவள் இன்றும் இருக்கிறாள்.